கல்லறைத் திருநாளுக்கு ஒரு வண்டி

அக்டோபர் பிறந்ததும் புஷ்பமேரியின் போனுக்குப் பிரான்சிலிருந்து குரல் செய்திகள் வரத் தொடங்கும். "தாந்த், அம்மா கல்லறைக்கு இந்த வருஷம் நீலம் வேணாம், வெள்ளையே அடிச்சுடுங்க" என்று ஒன்று. "நாங்க ஏழு பேரு, குழந்தைக்கு சீட்டு வெச்ச வண்டியா பாருங்க" என்று இன்னொன்று. "பப்பாவுக்கு ஒரு சுருட்டு வாங்கி வெச்சுடுங்க, மறந்துடாதீங்க" என்று வேறொன்று. காலையில் காப்பியை ஆறவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். அத்தை என்பதற்கு அவர்கள் பிரெஞ்சில் சொல்லும் வார்த்தைதான் தாந்த். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேரை அவள் நேரில் பார்த்ததில்லை.

அவளுக்கு அறுபத்தொரு வயது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இரண்டு அறை வீடு. கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, டவுனில் விமான டிக்கெட் போடும் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தாள். ஜனங்கள் டிக்கெட்டைத் தாங்களே போனில் எடுத்துக்கொள்ளப் பழகியதும் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். முதலாளி போகும்போது வாடிக்கையாளர் விலாசம் எழுதிய தடி டைரியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு டிக்கெட்டுக்காக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்லறைக்காகக் கூப்பிட்டார்கள். பிரான்சில் துலோன் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு விமானத்தில் சன்னலோர சீட்டைப் பிடிக்க முடிகிறது. உப்பளம் கல்லறையில் முளைத்த எருக்கஞ்செடியைப் பிடுங்க முடிவதில்லை.

அப்படித்தான் அது அவள் பிழைப்பாயிற்று. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பெயர் எழுத்துக்குக் கறுப்பு மை தொட்டு வைக்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சென்னை விமான நிலையத்தில் வண்டி நிற்க வேண்டும், தங்க அறை வேண்டும். வர முடியாதவர்களுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வருடம் மொத்தம் இருபத்தெட்டுக் கல்லறைகள். முட்டி தேய்ந்துபோயிருந்ததால் குனிந்து செய்கிற வேலைக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டாள். இருந்தாலும் எந்தக் கல் யாருடையது என்று காட்ட அவள்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

சின்ன வயதில் அந்த நாளுக்கு அவள் பயந்திருக்கிறாள். முந்தின நாள் பொழுது சாய்ந்துவிட்டால் மோட்சம் சேராமல் பாவம் தீர உத்தரிக்கிற ஆன்மாக்கள் வீட்டைத் தேடி வரும் என்பார்கள். அன்றைக்கு அவள் அம்மா கஞ்சித் தண்ணீரைச் சூடாக வாசலில் ஊற்ற விடமாட்டாள். "வந்து நிக்கிறவங்க கால்ல படும்" என்பாள். கொடியில் துணி தொங்கக் கூடாது. செத்தவர்களுக்குப் பிடித்த பண்டத்தை மேசையில் வைத்துக் கதவைத் தாழிடாமல் சாத்தி வைப்பார்கள். இப்போது அதே நாட்களில் டவுனில் கடற்கரையை ஒட்டிய ஓட்டல்களில் காகித மண்டை ஓடுகளையும் பிளாஸ்டிக் பூசணிக்காயையும் தொங்கவிடுகிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு பேயாட்டம் ஆடுகிறார்கள். புஷ்பமேரிக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. அவர்களால் அறை கிடைப்பதில்லை என்பதுதான் அவளுடைய தொல்லை.

அந்த வருடம் தொல்லை கூடுதலாக இருந்தது. ஓட்டல்களின் பேய் விருந்து வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை புதுச்சேரி விடுதலை நாள். கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு, பல தெருக்களில் வண்டி போக முடியாது. அதே சனிக்கிழமைதான் சகல புனிதர்கள் திருநாள், பூசைக்குக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். போதாததற்கு வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, புதன்கிழமையிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அடித்த வெள்ளை காயவில்லை. ஐந்து கல்லறைகளில் சுண்ணாம்பு வழிந்து தரையில் பாலாய்க் கிடந்தது.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு ஜூலி போன் செய்திருந்தாள். பிரான்சுவாவின் மகள், துலோனில் நர்ஸ். பிரான்சுவா எண்பத்தோரு வயதுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் மனைவி லூர்து மர்கரீத், ஊருக்கு லீவில் வந்த இடத்தில் மாரடைப்பில் போய்விட்டாள். உப்பளத்திலேயே புதைத்தார்கள். அதிலிருந்து இருபத்தேழு வருடமாக அவர் ஒரு நவம்பரையும் விட்டதில்லை.

"தாந்த், அப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல" என்றாள் ஜூலி. "அடுப்ப அணைக்க மறக்கிறாரு. எங்கிட்டயே நீ யாருன்னு ரெண்டு தடவ கேட்டாரு."

"அப்பன்னா வர வேணாம்னு சொல்லும்மா."

"சொல்லிட்டேன். டிக்கெட்ட காட்றாரு. பக்கத்து வீட்டுப் பையன விட்டுப் போட்டுட்டாரு. எனக்கு லீவு கெடையாது. இதுதான் கடைசி தடவைன்னு நெனச்சு அனுப்பறேன். நீங்க இருக்கீங்கன்னுதான்."

நீங்க இருக்கீங்கன்னுதான் என்று முடியும் பேச்சுகளை புஷ்பமேரி நிறையக் கேட்டிருக்கிறாள். மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் சரி என்றாள். பிறகு, எல்லாருக்கும் சொல்வதை ஜூலிக்கும் சொன்னாள். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடு. இன்சுலினைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை, டாக்டர் சீட்டோடு. போனை நம்பாதே, ஒரு அட்டையில் என் பெயர், நம்பர், "பாண்டிச்சேரி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, சட்டைப் பையில் ஊக்கு குத்தி அனுப்பு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம் சென்னையில் இறங்க வேண்டும். வண்டி ஓட்டும் கோவிந்தராசு ஆறு மணிக்கே அங்கே போய் நின்றான். நாற்பத்தைந்து வயதுக்காரன், ரெட்டியார்பாளையத்தான், பதினொரு வருடமாக அவளுக்கு வண்டி ஓட்டுகிறான். ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. புஷ்பமேரி அப்போது பெரிய மார்க்கெட்டில் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, பிளேன் இங்க எறங்கலயாம். ரெண்டு சுத்து சுத்திட்டு பெங்களூருக்குப் போயிடுச்சாம். போர்டுல போட்டிருக்கான்."

"மழ விட்டதும் திரும்பி வருமா?"

"கேட்டேன். யாருக்கும் தெரியல."

பூக்கூடையைத் தூக்கிய ஆள் எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவள் கையைக் காட்டிவிட்டு, ஈரச் சாக்குக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு, பயணிகளைப் பெங்களூரிலேயே இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டதாம். ஓட்டலில் தங்கவைத்து மறுநாள் அனுப்புவார்களாம். பிரான்சுவாவின் போன் மணியடிக்கவில்லை. விமான நிறுவனத்தின் எண்ணில் பாட்டு ஓடியது. துலோனில் அப்போதுதான் விடிந்திருக்கும் என்று தெரிந்தும் ஜூலிக்குப் போன் செய்தாள். ஜூலி அழவில்லை. "நான் இங்கேந்து பாக்கிறேன், நீங்க அங்கேந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோவிந்தராசு அவள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. "நான் பெங்களூரு ரோட்ட புடிச்சுட்டேன் யக்கா. ஆள் கெடச்சா எங்கன்னு சொல்லுங்க" என்றான்.

ஒரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கங்க, நான் முகிலன், ஓசூர். பெங்களூருல டாக்ஸி ஓட்றேன். ஒரு பெரியவர் ஏர்போர்ட்டு வாசல்ல வந்து என் வண்டியில ஏறி உக்காந்துட்டார். பாண்டிச்சேரி, கல்லறைன்னு ரெண்டே வார்த்ததான் சொல்றார். எறங்க மாட்டேங்கிறார். பாக்கெட்டுல உங்க நம்பர் இருந்துச்சு."

மற்றவர்கள் ஓட்டலுக்காக வரிசையில் நின்றபோது, பிரான்சுவா கைப்பையோடு எழுந்து வெளியே நடந்துவிட்டிருக்கிறார். புஷ்பமேரி அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். ஐயா என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையால்தான் எப்போதும் அவரைக் கூப்பிடுவாள்.

"முசே, நான் புஷ்பா பேசறேன். சாப்டீங்களா?"

"மர்கரீத் காத்துனு இருப்பா" என்றார் அவர். "சொல்தா லேட்டா வரக் கூடாது."

"வருவீங்க முசே. முதல்ல ஊசி போட்டுக்குங்க. கைப்பையில இருக்கு. அந்தத் தம்பி இட்லி வாங்கித் தருவாரு."

முகிலன் பாண்டிச்சேரி வரை வர முடியாது என்றான். வீட்டில் மனைவிக்கு நிறைமாசம். கிருஷ்ணகிரி வரை கொண்டுவந்து விடுகிறேன் என்றான். கோவிந்தராசு அப்போது வேலூரைத் தாண்டியிருந்தான். நான்கு மணிக்குக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வண்டிகளும் சந்தித்தன. கோவிந்தராசு படம் அனுப்பினான். கோட்டும் தொப்பியுமாக பிரான்சுவா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ இருந்தது. ஜூலிக்கு அதை அனுப்பிவிட்டு புஷ்பமேரி கண்ணை மூடினாள். அன்றைக்கு அவள் பூசைக்குப் போகவில்லை. மதியம் சாப்பிட்டாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை.

மழையில் இருட்டோடு ஓட்ட மாட்டேன் என்று கோவிந்தராசு சொல்லிவிட்டான். கிருஷ்ணகிரியிலேயே ஒரு லாட்ஜில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். திருவண்ணாமலையைத் தாண்டி ஓரிடத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. சுற்றி வரவேண்டியிருந்தது. மூன்று தடவை பெரியவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு தடவை சிறுநீருக்கு, ஒரு தடவை காரணம் மறந்துவிட்டது. "எறங்கி நின்னாரு யக்கா. வயல பாத்தாரு. ஏறிட்டாரு. நான் ஒண்ணும் கேக்கல" என்று கோவிந்தராசு பிறகு சொன்னான்.

கல்லறையில் புஷ்பமேரி காலை ஏழு மணியிலிருந்து நின்றாள். தாழ்வான பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டி, மெழுகுவர்த்திகளின் மேல் கூண்டு மாதிரிக் கவிழ்த்து வைத்தார்கள். அப்படியும் நான்கைந்து முறை ஏற்ற வேண்டியிருந்தது. படம் எடுத்தாள், அனுப்பினாள், அடுத்த கல்லுக்குப் போனாள். வந்திருந்த ஏழு பேர் குடும்பத்துக்கு இடத்தைக் காட்டினாள். அவர்கள் குழந்தை சேற்றில் செருப்பைத் தொலைத்ததால் அதையும் தேடினாள். மூன்று மணிக்கு ஃபாதர் குடையின் கீழ் நடந்து தீர்த்தம் தெளித்து, கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போனார். நாலரைக்கு கோவிந்தராசின் வண்டி வாசலில் நின்றபோது கூட்டம் அநேகமாகக் கலைந்துவிட்டது. இருபத்தேழு கல்லறைகள் முடிந்திருந்தன. இருபத்தெட்டாவது லூர்து மர்கரீத்துடையது. வெள்ளைப் பளிங்குக் கல், சுற்றிலும் சம்பங்கி மாலை, நடுவில் பெரிய மெழுகுவர்த்தி, இன்னும் ஏற்றாமல்.

புஷ்பமேரிக்கு இன்னொரு கல்லறையும் உண்டு. கணக்கில் சேராதது. ஒன்பது வருடத்துக்கு முன் போன அவள் கணவர் ஜோசப் ஆனந்த். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். வருடா வருடம் எல்லாம் முடிந்தபின், மீந்த பூவோடு கடைசியாக அங்கே போவாள்.

பிரான்சுவா வண்டியிலிருந்து இறங்கினார். கோவிந்தராசு ஒரு கையைப் பிடித்துக்கொண்டான். புஷ்பமேரியைப் பார்த்துத் தொப்பியை எடுத்து, "போன்ழூர் மதாம்" என்றார். யாரோ புதியவளிடம் பேசுகிற மரியாதை அது. முதல் பாதையில் நேராக நடந்தார். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினார்.

"முசே, இப்படி."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

மதில் ஓரமாகப் போனார். வேப்பமரத்தடியில் ஒரு கல்லறை இருந்தது. இரும்புச் சிலுவை துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது, பெயர்ப் பலகை இல்லை. யாருடையது என்று புஷ்பமேரிக்கும் தெரியாது. அங்கே போய் நின்றார். தொப்பியை எடுத்தார். மெதுவாக, கைத்தடியை ஊன்றி, ஈரமான கல் விளிம்பில் உட்கார்ந்தார். "மர்கரீத், லேட்டாயிடுச்சு. பிளேன் ஊர மாத்தி எறக்கிட்டான்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் பிரெஞ்சும் தமிழுமாகப் பேச ஆரம்பித்தார். வீட்டுக் கூரை ஒழுகுவது, ஜூலி தன்னைத் திட்டுவது, பக்கத்து வீட்டு நாய் செத்தது. நடுவில் அழுதார். துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார்.

கோவிந்தராசு அவளைப் பார்த்தான். "யக்கா, சொல்லட்டுமா? அந்தப் பக்கம் கூட்டினு போலாமா?"

அவள் மூன்று வரிசை தள்ளி இருந்த வெள்ளைக் கல்லைப் பார்த்தாள். பத்து நாள் அந்தக் கல்லுக்காக ஓடியிருக்கிறாள். போய்ச் சொல்லலாம். சொன்னால் அவர் எழுந்து வருவார், இல்லாவிட்டால் தான் தப்பான இடத்தில் அழுதோம் என்று உடைந்துபோவார். அவளுக்கு முட்டி விண்விண் என்று தெறித்தது. அந்த நேரத்தில் எது சரி என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. பின்னாளில் இதைச் சொன்னபோதும் அவள் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள்.

அப்போது போன் அடித்தது. வீடியோவில் ஜூலி, மருத்துவமனை உடையில்.

"தாந்த், அப்பா வந்துட்டாரா? அம்மா கல்லறைய காட்டுங்க."

புஷ்பமேரி போனைத் திருப்பினாள். முதலில் வெள்ளைக் கல்லைக் காட்டினாள். பிறகு மதில் ஓரத்தைக் காட்டினாள். மழை மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கிழவர் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா இங்க இருக்காங்க" என்றாள் புஷ்பமேரி. "அப்பா அங்க உக்காந்துட்டாரு. அதுதான்னு நெனச்சுனு இருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லச் சொன்னா சொல்றேன்."

ஜூலி போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து அப்பாவைப் பார்த்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்று சத்தம் போட்டது.

"பேசறாரா?" என்று கேட்டாள்.

"பேசினே இருக்காரு. நாயப் பத்திக்கூட சொன்னாரு."

"வீட்ல ரெண்டு மாசமா பேசறதே இல்ல" என்றாள் ஜூலி. பிறகு, "நனையறாரு தாந்த். கொட பிடிங்க" என்றாள்.

கோவிந்தராசு வெள்ளைக் கல்லிலிருந்த பெரிய மெழுகுவர்த்தியை எடுத்து, ஏற்றி, பாட்டில் கூண்டோடு வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தான். சம்பங்கி மாலையை அங்கேயே விட்டுவிட்டான். புஷ்பமேரி குடையைப் பிடித்துக்கொண்டு பிரான்சுவாவின் பக்கத்தில் நின்றாள். கை மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் நின்றாள். அவர் ஒரு தடவை நிமிர்ந்து, "நீங்க போங்க மதாம், உங்களுக்கும் ஆளு இருப்பாங்க இல்ல" என்றார். "இருக்காங்க முசே, அவரு கோச்சுக்க மாட்டாரு" என்றாள்.

காவல்காரர் வந்து கேட் பூட்டும் நேரம் என்றார். அன்று ஜோசப் ஆனந்துக்கு மெழுகுவர்த்தி இல்லை. செவ்வாய்க்கிழமை வெயில் அடித்ததும் போய், இரண்டு புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவர் கல்லின் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஜெபம் எதுவும் சொல்லவில்லை என்று அவளே சொன்னாள்.

பிரான்சுவாவைத் தனியாகத் திருப்பி அனுப்ப ஜூலிக்கு மனம் வரவில்லை. எப்படியோ நான்கு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து கூட்டிப்போனாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவரும் கோவிந்தராசும் பழைய சிநேகிதர்கள் மாதிரி, வழியில் எங்கெங்கே டீ நன்றாயிருக்கும் என்று பேசிக்கொண்டே போனார்களாம். மாசி மாதத்தில் பிரான்சுவா துலோனில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

சித்திரையில் ஜூலி போன் செய்தாள். அம்மாவின் பளிங்குக் கல்லில் அப்பாவின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்றாள். உடல் அங்கே இல்லாவிட்டாலும் பெயர் இருக்கலாமா என்று புஷ்பமேரி பங்கு அலுவலகத்தில் கேட்டு, எழுதிக் கொடுத்து, இரண்டு தடவை அலைந்து அனுமதி வாங்கினாள். எழுத்து வெட்டுகிறவர் பிரெஞ்சுப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அதைச் சரிசெய்ய மூன்றாம் தடவை போனாள்.

அதற்குப் பிறகு புஷ்பமேரி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். எழுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் துணையில்லாமல் வந்தால் அவள் பொறுப்பேற்பதில்லை. எல்லாருக்கும் குரல் செய்தியில் அதைச் சொல்லிவிட்டாள். செப்டம்பர் கடைசியில் மர்செய் நகரத்திலிருந்து எண்பத்து நான்கு வயது அம்மாள் ஒருத்தி தானே போனில் பேசினாள். பிள்ளைகள் யாரும் வரவில்லை, நான் மட்டும் வருகிறேன், என்னிடம் நல்ல குடை இருக்கிறது என்றாள். புஷ்பமேரி போனைக் கீழே வைத்துவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். பிறகு கோவிந்தராசைக் கூப்பிட்டு, நவம்பர் ஒன்றாம் தேதி காலையில் வண்டி சும்மா இருக்குமா என்று கேட்டாள்.